உறங்கும் கருவி புகார் செய்யாது

2023 ஜனவரி 18 அன்று மாருதி சுசுகி நிறுவனம் 17,362 வண்டிகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. ஆல்ட்டோ கே10, எஸ்-பிரெஸ்ஸோ, பிரெஸ்ஸா, பலேனோ, கிராண்ட் விட்டாரா ஆகியவற்றோடு, பெரிய குடும்பங்கள் விரும்பி வாங்கும் ஈக்கோ வேனும் அப்பட்டியலில் இருந்தது. அவை 2022 டிசம்பர் 8 முதல் 2023 ஜனவரி 12 வரை, ஏறத்தாழ ஐந்து வாரங்களில் தயாரானவை. ஏர்பேக்கை இயக்கும் கட்டுப்பாட்டுக் கருவியில் குறை இருக்கலாம் என்றும், அரிதாக மோதலின்போது ஏர்பேக்கும் சீட் பெல்ட்டை இறுக்கும் அமைப்பும் இயங்காமல் போகலாம் என்றும் நிறுவனம் கூறியது. கருவியை மாற்றும்வரை வண்டியை ஓட்ட வேண்டாம் என்றும் உரிமையாளர்களைக் கேட்டுக்கொண்டது.

நிறுவனம் செய்தது சரியான செயல். என் கேள்வி வேறு. அறிவிப்பு வெளிவருவதற்கு முன், அந்த 17,362 உரிமையாளர்களில் எத்தனை பேரால் தம் வண்டியின் ஏர்பேக் பழுதுபட்டது என்று புகார் அளித்திருக்க முடியும்? மோதாத வண்டியின் ஏர்பேக் விரியுமா என்பதை அறிய உரிமையாளருக்கு வழியே இல்லை. ஆயினும் பழுதுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு அரசு ஆணையிடுவதற்கு நம் நாட்டில் வகுக்கப்பட்டுள்ள முறை, பெருமளவுக்கு உரிமையாளர்களின் புகார் எண்ணிக்கையையே நம்பியிருக்கிறது. ஏர்பேக், தானியங்கு ஹெட்ரெஸ்ட் போன்ற கருவிகளுக்கு இம்முறை அடிப்படையிலேயே பொருந்தாது என்பதே இப்பதிவின் வாதம்.

முதலில் இக்கருவிகளின் இயல்பைப் பார்ப்போம். பிரேக் தேய்ந்தால் கால் அறியும். டயர் தேய்ந்தால் கண் அறியும். எஞ்சின் கெட்டால் காது அறியும். நாள்தோறும் இயங்கும் உறுப்பு நாள்தோறும் தன் நிலையைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. ஏர்பேக் அவ்வகையைச் சேர்ந்ததன்று. அது ஆண்டுக்கணக்கில் உறங்கிக் கிடந்து, ஒரே ஒரு முறை, கண்ணிமைக்கும் நேரத்தைவிடக் குறைந்த கால அளவில் எழுந்து வேலை செய்ய வேண்டும். மோதலின் வேக மாற்றத்தை உணரிகள் அளக்கின்றன. கட்டுப்பாட்டுக் கருவி அது மோதல்தானா என்று முடிவெடுக்கிறது. மின்பொறி எரிபொருளைப் பற்றவைக்கிறது. உண்டாகும் வாயு பையை நிரப்புகிறது. இவை யாவும் ஒரு நொடியின் இருபதில் ஒரு பங்குக்குள் முடிந்தாக வேண்டும். ஒத்திகை கிடையாது, இரண்டாம் வாய்ப்பும் கிடையாது.

'அதற்குத்தான் எச்சரிக்கை விளக்கு இருக்கிறதே' என்று பொறியியல் மாணவர்கள் கேட்கலாம். இருக்கிறது. வண்டியைக் கிளப்பியதும் சில நொடிகள் எரிந்து அணையும் அவ்விளக்கு, மின்சுற்றின் குறைகளைக் காட்ட வல்லது. ஸ்டீயரிங்குக்குள் இருக்கும் சுருள் கம்பி அறுந்தால் அது எரியும். ஆனால் வாயுவை உண்டாக்கும் வேதிப்பொருள் ஈரம் பட்டுச் சிதைந்திருப்பதை அவ்விளக்கு அறியாது. தாங்கியில் விழுந்த மயிரிழை விரிசலை அறியாது. முடிவெடுக்கும் மென்பொருளின் தருக்கமே பிழைபட்டிருந்தால், அந்தப் பிழையை அதே அமைப்பைச் சார்ந்த விளக்கு கண்டுசொல்லும் என்று எதிர்பார்க்கவும் முடியாது.

வேதிப்பொருள், மென்பொருள், கட்டமைப்புப் பொருள் என்னும் இம்மூன்று வகைப் பழுதுகளுக்கும் அண்மைக்கால வரலாற்றில் சான்றுகள் உண்டு.

வேதிப்பொருளுக்குச் சான்று ஜப்பானின் டகாட்டா நிறுவனம். அது தன் ஏர்பேக்குகளில் அம்மோனியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தியது. பலவற்றில் ஈரத்தை உறிஞ்சும் பொருளைச் சேர்க்கவில்லை. வெப்பம் ஏறி இறங்க, ஈரப்பதம் ஊடுருவ, ஆண்டுகள் செல்லச்செல்ல அவ்வேதிப்பொருள் சிதைந்தது. அதன்பின் நேரும் மோதலில் அது அளவுக்கு மீறிய வேகத்தில் எரிந்து, உலோகக் கலனையே உடைத்து, காக்க வேண்டியவரின் முகத்திலும் கழுத்திலும் இரும்புத் துண்டுகளைப் பாய்ச்சியது. அமெரிக்காவில் மட்டும் 25-க்கும் மேற்பட்டோர் இவ்வாறு உயிரிழந்தனர். உலகெங்கும் ஏறத்தாழ 10 கோடி கலன்கள் திரும்பப் பெறப்பட்டன. 2017-இல் அந்நிறுவனம் குற்றத்தை ஒப்புக்கொண்டது. அதே ஆண்டு திவாலானது. இந்தியாவிலும் ஹோண்டா நிறுவனம் பல கட்டங்களாக வண்டிகளைத் திரும்பப் பெற்றது. 2016 ஜூலையில் மட்டும் ஏறத்தாழ 1.9 லட்சம் வண்டிகள்.

மென்பொருளுக்குச் சான்று இரண்டு. அமெரிக்கர்கள் மினிவேன் என்றழைக்கும் குடும்ப வண்டிகளில் கிரைஸ்லர் நிறுவனத்தின் டாட்ஜ் கிராண்ட் கேரவன், டவுன் அண்ட் கன்ட்ரி ஆகியவை புகழ்பெற்றவை. 2013 மாதிரியைச் சேர்ந்த ஏறத்தாழ 2,82,000 மினிவேன்களை அந்நிறுவனம் அதே ஆண்டு ஜூலையில் திரும்பப் பெற்றது. பக்கவாட்டில் இடிபட்டால், இடிபட்ட பக்கத்துக்குப் பதிலாக மறுபக்கத்து ஏர்பேக் விரியக்கூடும் என்பதே காரணம். இடப்பக்கம் குழந்தை அமர்ந்திருக்க, வலப்பக்கத்தில் பை விரிவதை எண்ணிப் பாருங்கள். நம் நாட்டில் 2022 அக்டோபரில் கியா நிறுவனம், தன் குடும்ப வண்டியான கேரன்ஸில் 44,174 வண்டிகளைத் திரும்ப அழைத்தது. ஏர்பேக் கட்டுப்பாட்டு மென்பொருளில் பிழை இருக்கிறதா என்று சோதித்து, தேவையானால் இலவசமாகத் திருத்தித் தருவதாக அறிவித்தது. அவ்வண்டி சந்தைக்கு வந்து ஓராண்டுகூட ஆகியிருக்கவில்லை.

மூன்றாம் வகைக்கு, நம்மிடையே அதிகம் பேசப்படாத தானியங்கு ஹெட்ரெஸ்ட்டை எடுத்துக்கொள்வோம். பின்னாலிருந்து ஒரு வண்டி மோதினால் உடல் முன்னே தள்ளப்படும். தலை மட்டும் பின்தங்கும். கழுத்து சவுக்குபோல் சொடுக்கப்படும். அதைத் தடுக்க, மோதிய கணத்திலேயே ஹெட்ரெஸ்ட்டின் முன்பகுதி பாய்ந்துவந்து தலையைத் தாங்கும்படி சில வண்டிகளில் வடிவமைத்தார்கள். கிரைஸ்லர் குழும வண்டிகளில் இழுத்துப் பூட்டப்பட்ட வில்சுருள் ஒன்று அவ்வேலையைச் செய்கிறது. 2013 ஜூலையில் அக்குழுமம் ஏறத்தாழ 4,90,000 கார்களைத் திரும்பப் பெற்றபோது சொன்ன காரணம், மோதலின்போது ஹெட்ரெஸ்ட் பாயாமல் போகலாம் என்பது. 2018-இல் கலிஃபோர்னியாவின் கூட்டாட்சி நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கின் குற்றச்சாட்டோ இதற்கு நேர்மாறானது. வில்சுருளின் இடையறாத அழுத்தத்தைத் தாங்கும் பிளாஸ்டிக் தாங்கி நாளடைவில் விரிசல் கண்டு உடைகிறது. மோதல் எதுவும் இல்லாமலேயே, வண்டி ஓடிக்கொண்டிருக்கையில் ஹெட்ரெஸ்ட் பாய்ந்து ஓட்டுநரின் பின்தலையில் அடிக்கிறது என்றனர் வழக்குத் தொடுத்தோர். அவ்வழக்கில் சுட்டப்பட்ட வண்டிகளுள் மினிவேன்களும் உண்டு. நிறுவனம் வழக்கை எதிர்த்துப் போராடியது. தீர்ப்பைப் பற்றிப் பேசுவது என் நோக்கமன்று. நிலையான சுமையின்கீழ் பிளாஸ்டிக் மெல்ல மெல்ல நெகிழ்ந்து உடையும் என்பது பொருளறிவியல் மாணவர் எவரும் அறிந்த செய்தி. ஆண்டுக்கணக்கில் பூட்டிய வில்லைப்போல் நிற்க வேண்டிய ஒரு கருவியின் ஆயுள், அதன் மிக மலிவான உறுப்பின் ஆயுளுக்கு மேல் நீள்வதில்லை.

இந்நிகழ்வுகளை ஒருசேர வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை புலப்படும். உறங்கும் கருவியின் பழுது பற்றிய அறிவு முதலில் உரிமையாளரிடம் பிறப்பதில்லை. அது தயாரிப்பாளரின் ஆய்வகத்தில், உதிரிபாகம் தந்தவரின் தரப் பதிவேட்டில், சர்வீஸ் சென்டர்களிலிருந்து வந்து குவியும் தரவில் பிறக்கிறது. உரிமையாளருக்கு அது தெரியவரும் நாள், பெரும்பாலும் விபத்து நடந்த நாள்.

இனி நம் சட்டத்துக்கு வருவோம். 2019-ஆம் ஆண்டு மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் 110-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, பழுதுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறுமாறு ஆணையிடும் அதிகாரத்தை முதன்முறையாக மத்திய அரசுக்கு வழங்கியது. அதற்கு முன் இருந்தது, வாகனத் தயாரிப்பாளர் சங்கம் 2012-இல் தானே வகுத்துக்கொண்ட தன்னார்வ நெறிமுறை மட்டுமே. எனவே இப்பிரிவு பெரிய முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆனால் 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள் இரண்டு எல்லைகளை வகுத்தன. ஒரு மாதிரியின் ஆண்டு விற்பனையோடு ஒப்பிட்டு, புகார்கள் ஒரு குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட வேண்டும் என்பது முதலாவது. வண்டிக்கு ஏழு ஆண்டுக்கு மேல் வயது இருக்கக் கூடாது என்பது இரண்டாவது.

உறங்கும் கருவிகளைப் பொறுத்தவரை இவ்விரு எல்லைகளும் தவறான இடத்தில் நிற்கின்றன. புகார் எண்ணிக்கை அந்த வரம்பைத் தொடுவதற்கு எத்தனை பேர் மோதியிருக்க வேண்டும்? அவர்களுள் எத்தனை பேர் உயிரோடிருந்து, ஏர்பேக் விரிந்திருக்க வேண்டிய மோதல்தான் அது என்று தெரிந்து, இணையதளத்தில் புகாரைப் பதிவு செய்ய வேண்டும்? ஏழாண்டு எல்லையோ இன்னும் விந்தையானது. டகாட்டா கலன்கள் ஆபத்தானவை ஆனதே காலத்தாலும் வெப்பத்தாலும் ஈரத்தாலும்தான். அமெரிக்காவில் வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த ஃபுளோரிடா போன்ற தென்மாநிலங்களையே மிக ஆபத்தான மண்டலமாக வகுத்தார்கள். கொல்கத்தா, மும்பை, விசாகப்பட்டினம், கொச்சி, சென்னை ஆகியவற்றின் காற்றை அறிந்தவர்களுக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. இங்கே தனியார் வண்டியின் பதிவு 15 ஆண்டுகள் செல்லும். இரண்டாம் கை, மூன்றாம் கை என்று மாறும் பழைய வேனில் அமரும் குடும்பம் பெரும்பாலும் வசதி குறைந்த குடும்பம். பழுது முதிரும் வயதில் சட்டம் விலகிக்கொள்கிறது.

அமெரிக்க முறையை இங்கு ஒப்பிடுவது பயன்தரும். அங்கே திரும்பப் பெறுதலுக்கான அளவுகோல், பாதுகாப்புக்கு நியாயமற்ற ஆபத்து உண்டா என்பது. புகார் எண்ணிக்கை ஒரு சான்று மட்டுமே. பாதுகாப்புக் குறை உண்டு என்று தீர்மானித்த ஐந்து வேலை நாள்களுக்குள் தயாரிப்பாளர் அரசுக்கு அறிவித்தாக வேண்டும். உரிமையாளர்களின் புகார்கள் பொதுவெளியில் எவரும் படிக்கும்படி கிடக்கின்றன. அங்கும் டகாட்டா நிகழ்ந்தது. ஆகவே அம்முறை குறையற்றது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒரு மினிவேனின் ஹெட்ரெஸ்ட் தானாகப் பாய்ந்தது என்று ஓர் ஊரில் ஒருவர் எழுதியதை, வேறோர் ஊரில் அதே அடி வாங்கியவர் படிக்க முடிந்தது. தனி மனிதரின் துன்பம் பொது அறிவாக மாறுவதற்கு அந்த வெளிச்சம் தேவை.

நம் உச்ச நீதிமன்றம் இத்திசையில் ஒரு முக்கியமான படியை எடுத்து வைத்துள்ளது. 2015-இல் வாங்கிய ஹூண்டாய் கிரெட்டா கார் ஒன்று 2017 நவம்பரில் விபத்துக்குள்ளானபோது முன் ஏர்பேக்குகள் விரியவில்லை, உரிமையாளர் படுகாயமுற்றார். இழப்பீட்டோடு வண்டியையும் மாற்றித் தர வேண்டும் என்ற நுகர்வோர் ஆணையத்தின் ஆணையை 2022 ஏப்ரல் 20 அன்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. வேகத்தையும் விசையையும் கொண்டு மோதலின் தாக்கத்தைக் கணக்கிட்டுக்கொள்ள நுகர்வோர் இயற்பியல் வல்லுநர் அல்லர் என்று அத்தீர்ப்பு சுட்டியது. மெய்ப்பிக்கும் சுமையைச் சாமானியர் தோளிலிருந்து இறக்கி வைத்த தீர்ப்பு அது. ஆனால் அது ஒருவருக்கு, ஒரு வண்டிக்கு, விபத்துக்குப் பிறகு, நாலரை ஆண்டு கழித்துக் கிடைத்த நீதி. அதே கருவியோடு ஓடும் மற்ற வண்டிகளுக்கு நீதிமன்றத் தீர்ப்பு முன்னெச்சரிக்கை ஆகாது.

என்ன செய்யலாம்? புதிய சட்டம் கேட்க வேண்டிய தேவைகூட இல்லை. 110-ஏ பிரிவையே ஊன்றிப் படித்தால், பழுது பற்றிய தகவல் மூன்று வழிகளில் அரசை அடையலாம் என்று அது கூறுவதைக் காணலாம்: வரையறுக்கப்பட்ட விழுக்காட்டு உரிமையாளர்கள், சோதனை முகமை, வேறு ஏதேனும் மூலம். நாம் முதல் கதவை மட்டும் பெரிதாகத் திறந்துவைத்து, மூன்றாம் கதவை மறந்துவிட்டோம். விபத்துச் சிகிச்சைப் பிரிவு மருத்துவர், காப்பீட்டு நிறுவனத்தின் சேத மதிப்பீட்டாளர், விபத்து அறிக்கை எழுதும் காவலர் ஆகிய மூவரும் விரியாத ஏர்பேக்கை முதலில் பார்ப்பவர்கள். சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் 2022-ஆம் ஆண்டு அறிக்கை 1,68,491 பேர் சாலைகளில் உயிரிழந்ததாகவும், அவர்களுள் 16,715 பேர் சீட் பெல்ட் அணியாதவர்கள் என்றும் சொல்கிறது. பயணியின் தவற்றுக்கு அட்டவணை உண்டு. கருவியின் தவற்றுக்கும் ஓர் அட்டவணை வேண்டும். 'ஏர்பேக் இருந்ததா, விரிந்ததா' என்ற கேள்வி ஒவ்வொரு விபத்துப் பதிவிலும் கட்டாயமாக இடம்பெற்று, விடைகள் மாதிரிவாரியாக வெளியிடப்பட வேண்டும்.

அடுத்து, ஏர்பேக் போன்ற கருவிகளுக்கு ஏழாண்டு எல்லை நீங்க வேண்டும். காப்பீடு புதுப்பிக்கும்போதும், வண்டி கைமாறும்போதும், சேசிஸ் எண்ணைக் கொண்டு நிலுவையிலுள்ள திரும்ப அழைப்பு உண்டா என்று பார்ப்பது வழக்கமாக வேண்டும். புகைச் சான்று இல்லையென்றால் அபராதம் விதிக்கிறோம்; ஓட்டுநர் முகத்துக்கு ஓரடி தொலைவில் இருக்கும் வெடிகலனைப் பற்றி ஒரு கேள்வியும் கேட்பதில்லை. மூன்றாவதாக, மோதலுக்கு முந்தைய சில நொடிகளின் தரவை இன்றைய கட்டுப்பாட்டுக் கருவிகள் பலவும் சேமிக்கின்றன. அத்தரவு வண்டியின் உரிமையாளருக்கே உரியது என்று அமெரிக்கா 2015-இல் சட்டம் இயற்றியது. நம் நுகர்வோர் ஆணையங்களின் முன்னும் அத்தரவு தானாகவே வைக்கப்பட வேண்டும்.

எதிர்வாதங்களையும் நேர்மையாகப் பார்க்க வேண்டும். ஏர்பேக் விரியாமை எப்போதும் பழுதாகாது; பின்புற மோதலிலும் மிகக் குறைந்த வேக மோதலிலும் முன் ஏர்பேக் விரியாதிருப்பதே முறை. உரிமையாளர் பொருத்தும் இரும்புத் தடுப்புக் கம்பி உணரிகளின் கணக்கைக் குலைக்கும். 2017 டிசம்பரில் அரசு அதற்கு எதிராக நடவடிக்கை எடுக்க மாநிலங்களைக் கேட்டுக்கொண்டதற்கு அதுவும் ஒரு காரணம். பக்கவாட்டு ஏர்பேக் உள்ள இருக்கையை இறுக மூடும் உறையும் தடையே. இவை யாவும் உண்மை. ஆனால் எது பழுது, எது முறை, எது உரிமையாளரின் தவறு என்று பிரித்தறிவதற்கே பொதுத் தரவு வேண்டும் என்கிறேன். தரவைப் பூட்டி வைத்துக்கொண்டு, தவறு உன்னுடையது என்று சொல்வது வாதமாகாது.

இப்படிப் பேசினால் மக்கள் ஏர்பேக்கையே அஞ்சத் தொடங்குவார்கள் என்றும் சொல்லப்படுகிறது. அமெரிக்காவில் 1987 முதல் 2017 வரை முன் ஏர்பேக்குகள் 50,457 உயிர்களைக் காத்தன என்று அந்நாட்டு நெடுஞ்சாலைப் பாதுகாப்பு நிர்வாகம் மதிப்பிடுகிறது. ஏர்பேக் வேண்டும்; சீட் பெல்ட்டோடு சேர்ந்து வேண்டும். தடுப்பூசியின் பக்க விளைவுகளைப் பதிவு செய்யும் நாடு தடுப்பூசியை எதிர்க்கிறது என்று எவரும் சொல்வதில்லை. கண்காணிப்பே நம்பிக்கையின் அடித்தளம்.

கடந்த சில ஆண்டுகளாக நம் பொதுவிவாதம் முழுவதும் எண்ணிக்கையைச் சுற்றியே நடந்தது. 2022 ஜனவரியில் ஆறு ஏர்பேக் கட்டாயம் என்று வரைவு விதி வந்தது; பிறகு 2023 அக்டோபருக்குத் தள்ளிப்போனது; அதற்கு முந்தைய மாதமே கட்டாயம் இல்லை என்று கைவிடப்பட்டது. பாரத் என்கேப் நட்சத்திரங்கள் வந்தன. அவை புத்தம் புதிய வண்டியை மோதவிட்டுத் தரப்படுபவை. எட்டாம் ஆண்டில், மூன்றாம் உரிமையாளரின் கையில், கடலோர நகரத்தின் வெயிலில் நின்ற வேனில் அந்த ஏர்பேக்குகளுள் எத்தனை விழித்தெழும் என்ற கேள்வி அவ்விவாதத்தில் எழவே இல்லை.

அக்கேள்வி நம் பல்கலைக்கழகங்களில் எழலாம். பழைய வண்டிகளை உடைக்கும் மையங்களில் ஆண்டுதோறும் கழற்றப்படும் ஏர்பேக் கலன்களைச் சோதிப்பது ஒரு நல்ல முனைவர் பட்ட ஆய்வாகும். நுகர்வோர் ஆணையங்களின் ஏர்பேக் தீர்ப்புகளைத் திரட்டி, எங்கெங்கு எந்தச் சான்று கேட்கப்பட்டது என்று ஒப்பிடுவது சட்ட மாணவருக்கு ஏற்ற பணி. அரசு மருத்துவமனை ஒன்றின் விபத்துப் பிரிவோடு சேர்ந்து ஓராண்டு பதிவுகளைத் தொகுப்பதற்குப் பெரிய நிதி தேவையில்லை. இத்துறைகளில் இருப்போர், ஆர்வமிருந்தால், கீழே எழுதுங்கள், சேர்ந்து திட்டமிடுவோம். ஏனையோர் இன்று செய்யக்கூடியது ஒன்றுண்டு. வீட்டு வண்டியின் பதிவுச் சான்றிலுள்ள சேசிஸ் எண்ணை எடுத்து, நிறுவனத்தின் இணையதளத்திலோ சர்வீஸ் சென்டரிலோ நிலுவையில் திரும்ப அழைப்பு உண்டா என்று கேளுங்கள். பழைய வண்டி வாங்கிய உறவினர்களுக்கும் சொல்லுங்கள்.